உரி என்று தொடங்கிய சொல்

இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், போதும், நில். அம்பு ‘ஆ’வின் மேல் நிற்கிறது. இனி ஒரு நொடி அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அசையாமல் இரு என்று சொன்னவுடன்தான் கழுத்துக்கு அசையத் தோன்றுகிறது. ஆறு வருஷமாகக் கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையாமல் கிடப்பவனுக்கு அசையாமலிருப்பது கஷ்டம் என்றால் யார் நம்புவார்கள். அம்புக்குள் கறுப்பு மெல்ல ஏறுகிறது, டம்ளரில் டிகாஷன் ஏறுவதுபோல, நிறைந்ததும் டக். ‘ஆ’ விழுந்துவிட்டது. அடுத்தது ‘ர’, அது வலப்பக்கம், கீழ்வரிசை. உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெல்லாம் வலது பக்கம், நான் மூக்கை வைத்துக்கொண்டு உயிருக்கும் மெய்க்கும் நடுவில் போய்ப் போய் வருகிறேன். மூக்குதான். பெனாசிர் டீச்சர் அப்படித்தான் சொன்னார். என் மனைவி அமலியின் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவர், தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய பெட்டியைத் தூக்கிவந்து, அதில் லினக்ஸ் போட்டு, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்து, என் முகத்துக்கு நேராக ஒரு சின்னக் கேமராவைச் சொருகி, “அண்ணே, இது உங்க மூக்கைப் பாக்கும். மூக்கு போற பக்கம் அம்பு போகும். திரையில கீழ கீபோர்டு தெரியுதா, எழுத்து மேல போய் ஒரு செகண்டு நின்னா அது தானா அமுங்கும். கை வேணாம்” என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கை வேணாம் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை, கை வரும் வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், பிசியோதெரபி பண்ணுகிறவர், பங்குச் சாமியார், என் தம்பி, எல்லாரும். ‘ர’ விழுந்தது. ஆர. இனி ‘ஞ’, அது மேல்வரிசையில் கடைசிக் கோடி, அங்கே போவதற்குள் கழுத்து நரம்பு ஒன்று இழுக்கும். தினமும் அரைப்பக்கம் எழுதுங்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் அமலி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். அதை எழுதப் போகிறேன். நகத்தால் கீறினாள், தோலிலிருந்து சாறு தெறித்து என் கன்னத்தில் பட்டது, கன்னம் எனக்குத் தெரியும், கன்னத்தில் பட்டால் உணர்வேன், அதை அவள் கவனிக்கவில்லை, நாருநாராகப் பிரித்து, சுளையிலிருந்து கொட்டையை எடுத்து, சுளையையும் இரண்டாகக் கிள்ளி என் வாயில் வைத்தாள், அப்போது அவள் முகம் வேறெங்கோ இருந்தது. அந்த முகத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆரஞ்சைப் பற்றி எழுதலாம்.

கீபோர்டுக்கு மேலே ஒரு பட்டை இருக்கிறது, அதில்தான் எனக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டெழுத்து போட்டதும் அதுவே ஊகித்து நாலைந்து சொல்லை வரிசையாகக் காட்டும், வேண்டியதன் மேல் நின்றால் முழுச் சொல்லும் விழும். “இப்ப அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நீங்க எழுத எழுதக் கத்துக்கும். எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல் வரும்னுகூடத் தெரிஞ்சுக்கும். ரெண்டு மாசத்துல உங்கள மாதிரியே பேசும் பாருங்க” என்றார் டீச்சர். இரண்டு மாசம் ஆகிவிட்டது. என்னை மாதிரிப் பேச ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், ஆறு வருஷமாக. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எனக்குக் கண்ணும் காதும் மட்டும்தான் மிச்சமிருந்தது, மூளையின் அடித்தண்டில் அடைப்பு என்றார்கள், சனிக்கிழமை காலை ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவன், அவ்வளவுதான். பிறகு கழுத்து திரும்பியது, தொண்டையில் ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்தது. வாய் வரவில்லை. அமலி ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுத்தெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வாள், க, ச, ட, த, வேண்டிய எழுத்தில் நான் கண்ணை மூடித் திறக்க வேண்டும். நான் கண்ணை மூடுவேன். “த-வா? தண்ணியா?” என்பாள், எழுந்து ஓடுவாள். தலையணை என்று சொல்ல நினைத்திருப்பேன், தம்பி என்று நினைத்திருப்பேன், ஒரு நாள் தனியா என்று ஆரம்பித்தேன், கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்று சொல்லத்தான், அவள் டம்ளரோடு வந்து நின்றாள், மூச்சு வாங்க, புடவைத் தலைப்பு ஈரமாக. குடித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல ‘வே’யிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே. இந்த ஆறு வருஷத்தில் நான் சொல்ல நினைத்ததில் பாதி தண்ணீராகத்தான் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஆனால் பாதி அவள் சரியாகத்தான் சொன்னாள், அதையும் சொல்ல வேண்டும், சில நாள் நான் கண்ணை மூடும் முன்பே, எழுத்தைச் சொல்லும் முன்பே, ஃபேனைக் குறைத்திருப்பாள். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் முதலில் கத்துவார்கள், பிறகு அழுவார்கள், நான் மேலே கதவிடுக்கில் வாயை வைத்து “பயப்படாதீங்க, ஆளு வந்தாச்சு” என்பேன், உடனே உள்ளிருந்து ஒரே கேள்விதான் வரும், எல்லா ஊரிலும், எல்லாக் கட்டடத்திலும், “எவ்வளவு நேரம் ஆகும்?” பத்து நிமிஷம் என்பேன். ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தாலும் பத்து நிமிஷம் என்றுதான் சொல்வேன். அமலியும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆரஞ்சுப் பழத்தை. வந்துவிட்டது, தப்பும் திருத்தமுமாகக் கால் மணி நேரம். இனி உரித்து. ‘உ’ இடது பக்கம் நடுவரிசை, டக், ‘ர’ வலது பக்கம் கீழே, டக், ‘இ’ மறுபடி இடது பக்கம், டக். உரி. மேலே பட்டையைப் பார்க்கிறேன், உரித்து இருக்கிறதா என்று. முதல் கட்டத்தில் ‘உரிமைவிடல்’ என்று இருக்கிறது. அப்படி ஒரு சொல்லை நான் எழுதவில்லை. எனக்கு அதோடு ஒரு தொழிலும் இல்லை. உரிமம் எழுதியிருக்கிறேன், லிஃப்டுக்கு உரிமம் வாங்க வேண்டும், அதைப் பற்றிப் போன மாசம் நாலு வரி எழுதினேன், அந்த உரிமம் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது, சரி. உரிமைவிடல் யாருடையது. யோசித்துக்கொண்டே அதன் மேல் பார்த்தபடி இருந்துவிட்டேன், பார்த்தபடி இருந்தால் மூக்கும் அங்கேதான் இருக்கும், கறுப்பு ஏறி டக். ஆரஞ்சுப் பழத்தை உரிமைவிடல். சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும், அம்பு ஆடியது, ஆடி நின்ற இடத்தில் பட்டை மாறியிருந்தது, இப்போது முதல் கட்டத்தில் ‘செய்கிறேன்’. எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல். அப்படியே நின்றேன். டக். ‘இப்படிக்கு’. டக். ‘தங்கள்’. டக். ‘கீழ்ப்படிதலுள்ள’. டக். அப்புறம் வந்த கட்டத்தில் ‘அமலி’ என்று இருந்தது. நான் நிற்கவில்லை. தலையைத் தலையணைக்குள் சாய்த்துக்கொண்டேன், கேமராவுக்கு மூக்கு தெரியாமல். இந்தக் கீபோர்டைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான் மூக்கால், அவள் மவுசால். நிஜக் கீபோர்டில் இங்கிலீஷ் மட்டும்தான் அச்சடித்திருக்கிறது, தமிழ் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் அவளும் திரையில் உள்ள எழுத்தை ஒவ்வொன்றாக அமுக்கித்தான் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து நான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. கேள்வித்தாள் என்றாள், நான் விழித்துப் பார்த்ததும்.

திரும்பவும் மூக்கைக் கொண்டுவந்தேன். அவளுடைய கடிதத்தைப் படிக்கிறேனா, படிக்கவில்லை, அது எங்கேயும் இல்லை, அழித்துவிட்டிருப்பாள், அவள் கை போன தடம் மட்டும் இதற்குள் இருக்கிறது. தப்பா. தப்புதான். புதிய வரியில் ‘எ’, ‘ன’, புள்ளி. என். முதல் கட்டத்தில் ‘கணவரின்’. நான் எழுதினால் என் மனைவி என்றல்லவா வர வேண்டும். டக். உடல்நிலை, டக். காரணமாக, டக். உயர்நிலைப்பள்ளி, டக். தலைமையாசிரியர், டக். பதவி, உயர்வினை, தற்காலிகமாக. உரிமைவிடல் என்றால் இதுதான், வந்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் நான் செய்ததெல்லாம் ஒரே இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததுதான், சொல் தானாக வந்து தானாக விழுந்துகொண்டிருந்தது, யாரோ பக்கத்து அறையிலிருந்து மெதுவாகப் படித்துக் காட்டுவதுபோல. இடையில் ஒன்று தப்பிப் போனது, ‘பதினான்காம் தேதிக் கலந்தாய்வில்’ என்று ஒரு கிளை ஓடியது, ‘பங்கேற்க இயலாது’ என்று முடிந்தது. இன்று பதினொன்று, ஊர் ஒதுக்கும் கலந்தாய்வுக்கு இன்னும் மூன்று நாள்தான். காலையில் என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள், “மத்தியானம் அரை நாள் லீவு போட்டிருக்கேங்க. சோறு குடுத்துட்டு பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.” பேங்க் என்று சொல்லும்போது துண்டைப் பிழிந்தாள், பிழியத் தேவையில்லாத துண்டை. போவது பேங்குக்கு இல்லை, இதைக் கொடுக்க. நான் காரணம். என் பெயர் சகாயநாதன், அது அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை, உடல்நிலை என்றும் காரணம் என்றும் இருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, சொல்ல வாயும் இல்லை, ஆனால் எனக்குள் சொல்லித்தான் ஆக வேண்டும்: முதலில் வந்தது சந்தோஷம். பங்கேற்க இயலாது என்று விழுந்த அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஒரு இடம் தளர்ந்தது, போகமாட்டாள், இங்கேயேதான் இருப்பாள், மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்கும், சாயங்காலம் நாலரைக்கு மறுபடி கேட்கும். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பத்தொன்பது வருஷம் கணக்கு டீச்சர். எத்தனை ஹெட்மாஸ்டர்களைப் பற்றி இந்த வீட்டில் திட்டியிருக்கிறாள், நான் லிஃப்ட் கம்பெனி சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். “ஜூன் மாச வெயில்ல முக்கா மணி நேரம் பிரேயர்ங்க. மயக்கம் போட்டு விழுதுங்க புள்ளைங்க. இந்தாளுக்கு மைக்கைக் கண்டா விட மனசு வராது. நான் மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன்னு வைங்க, பிரேயர் அஞ்சே நிமிஷம், அதும் மரத்தடில.” எந்த மரம் என்றுகூடச் சொல்வாள், வேம்பு வேண்டாம், பழம் விழுந்து வழுக்கும், புங்கைதான் சரி. இல்லாத பள்ளிக்கூடத்தில் இல்லாத மரத்தை நட்டு வைத்திருந்தாள். எப்போது அதைப் பேசுவதை நிறுத்தினாள் என்று யோசிக்கிறேன், தெரியவில்லை, நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை, அவள் பேசாமல் இருந்ததை ஓய்வென்று நினைத்துவிட்டேன். நேற்று ஆரஞ்சு உரித்தபோது அந்த முகம் இருந்த இடம் அதுதான். இப்போது பயம் வருகிறது. போனால் எங்கே போடுவார்கள், அறந்தாங்கிப் பக்கமா, கடலோரமா, வாரத்துக்கு ஒரு முறை வருவாளா, ராத்திரியில் சளி அடைத்தால் ‘ம்’ என்பது யாருக்குக் கேட்கும், அந்த ‘ம்’மில் எது சளி எது கொசு என்று யாருக்குத் தெரியும். அப்புறம் மறுபடி புங்க மரம். அப்புறம் மறுபடி சளி. ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் நடுவில் ஏறி இறங்கி, கதவு மட்டும் திறக்கவில்லை.

“என்ன தம்பி, மொகம் வேத்துருக்கு?” பிச்சைமணி அண்ணன். பகல் முழுக்க என்னைப் பார்த்துக்கொள்கிறவர், அறுபத்து மூன்று வயது, பெரியாஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முன்னறையில் பேப்பரை விளம்பரம் உள்பட ஒரு வரி விடாமல் படிப்பார். ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து என்னை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, மறுபடி நேராக்குகிறார், அமலிக்கு இதைச் செய்ய மூச்சு முட்டும், இவருக்குப் பாய் சுருட்டுவது மாதிரி. “இன்னிக்கு நெறைய எழுதிட்டீகபோல” என்று திரையைப் பார்க்கிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது. “டீச்சரம்மா வந்து படிக்கட்டும்” என்று தலையணையைத் தட்டிவிட்டுப் போகிறார். கோயில் மணி அடிக்கிறது, பன்னிரண்டு. முக்கால் மணி நேரம் இருக்கிறது. எனக்கு நிமிஷத்துக்கு ஆறு எழுத்து, நல்ல நாளில் எட்டு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுத ஆரம்பிக்கிறேன். அன்புள்ள அமலி. கடிதமா எழுதுகிறோம், பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு, அன்புள்ள வேண்டாம், ஆனால் போட்டாயிற்று, இருக்கட்டும். நீ எழுதிய கடிதம் எனக்குத் தெரியும். இது போலீஸ்காரன் பேசுவது மாதிரி இருக்கிறது. நீ எனக்காக. எனக்காக என்றதும் பட்டை ‘கவலைப்படாதே’ என்று காட்டுகிறது, நான் தம்பிக்கு எழுதியது, அந்தச் சொல்லை நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் என்று இதற்குத்தான் தெரியும். நீ எனக்காக உன் வாழ்க்கையை, வேண்டாம், வாழ்க்கை என்றால் அழுவாள், அழுதால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் ஊற்றுவாள். இது பெரிய வாக்கியம், புங்க மரத்தைப் பற்றி, பிரேயரைப் பற்றி, நான் மறக்கவில்லை என்று, இருபது நிமிஷமாகக் கட்டிக்கொண்டு வருகிறேன், இரண்டு வரி நிறைந்துவிட்டது, தும்மல் வருகிறது, வேண்டாம், இப்போது வேண்டாம், தும்மிவிட்டேன். அம்பு எங்கேயோ பறந்து எதையோ தொட்டு, எழுதியதெல்லாம் நீலமாகிறது, நீலமாக இருக்கும்போது எதைத் தொட்டாலும் போய்விடும் என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வருவதற்குள் மூக்கு ‘ங’வின் மேல் நின்றிருக்கிறது. டக். திரையில் ஒரே ஒரு ‘ங’. உலகத்தில் எதற்கும் உதவாத எழுத்து. அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு, இரண்டு சாவியைச் சேர்த்து அமுக்க வேண்டும், முதல் சாவியைத் தொட்டுவிட்டு இரண்டாவதற்குப் போவதற்குள் தாடை இழுத்துக்கொண்டது. அழலாமா என்று தோன்றியது. அழுதால் கண் மங்கும், துடைக்க அண்ணனைக் கூப்பிட வேண்டும். மணி பன்னிரண்டே கால் தாண்டிவிட்டது. சரி, சின்னதாக. நீ போ. ‘ந’, ‘ஈ’, ‘ப’, ‘ஓ’, நாலே எழுத்து. எழுதிவிட்டுப் பார்க்கிறேன். நீ போ. இதைப் பார்த்தால் யாருக்கும் வெளியே போ என்றுதான் கேட்கும். கோபத்தில் சொல்வது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் இந்த ஊரில் யார் போ என்று சொல்கிறார்கள், கடைக்குப் போகிறவன்கூடப் போறேன் என்று சொல்லமாட்டான், போயிட்டு வரேன் என்பான், வழியனுப்புகிறவர்கள் போயிட்டு வா என்பார்கள், திரும்பி வருவதைச் சொல்லாமல் போவதை மட்டும் சொன்னால் அபசகுனம். ஆனால் போயிட்டு வா என்றால் நான் இங்கேயே இருப்பேன், நீ சனி ஞாயிறு வா என்று ஆகிவிடும். நான் இங்கேயே இருப்பேனா. அப்போதுதான் அது தோன்றியது, இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை, சுவரோடு சுவராக என்னையும் சேர்த்து நினைத்துக்கொண்டிருந்தேன்போல. கட்டிலை வண்டியில் ஏற்றலாம். என்னையும் ஏற்றலாம். ‘நீ’யை அழித்தேன்.

ஸ்கூட்டி சத்தம் வரும்போது ‘போ’ மட்டும்தான் திரையில் இருந்தது. கேட்டைத் திறக்கும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்ற சத்தம், பிறகு வாசனை, சாக்பீஸும் வியர்வையும். கைப்பையை என் கால்மாட்டில் வைத்தாள், அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, நாலாக மடித்து, பள்ளிக்கூடத்துப் பிரிண்டரில் எடுத்த தாள். “என்ன எழுதியிருக்கீங்க இன்னிக்கு?” என்று குனிந்தாள். “போ... போர்வையா? குளுருதா? ஃபேனைக் குறைக்கட்டா?” கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. ‘ம்’ என்றேன், நீளமாக. இல்லை என்கிற ‘ம்’. “போன்? உங்க தம்பிக்குப் போன் போடணுமா?” மறுபடி அதே ‘ம்’. இந்த முறை சத்தமாக, எனக்கே கேட்டுப் பழகாத சத்தம். அமலி திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “சரிங்க. நான் பேசல. எழுதுங்க.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுவது எவ்வளவு கஷ்டம். ‘வ’. டக். ஒரு சாவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் அவள் மூச்சு கேட்கிறது. ‘ஓ’. டக். “போவோ...” என்று ஆரம்பித்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ‘ம’. புள்ளி. போவோம். அவளுக்குப் புரியவில்லை, எங்கே போவோம், டாக்டரிடமா என்று கண் கேட்கிறது, வாய் கேட்கவில்லை. சமையலறையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். நான் அடுத்த வரிக்குப் போனேன். ‘உ’, ‘ர’, ‘இ’. பட்டையில் அது வந்தது, முதல் கட்டத்தில். நான் அதை அமுக்கவில்லை. மூக்கை அதற்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் பட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பட்டையைப் பார்த்தாள். அவளுடைய கழுத்தில் சிவப்பு ஏறியது. “இது... இது சொல்லிக்குடுத்துருச்சா?” என்றாள். ‘ம்’. இது ஆமாம் என்கிற ‘ம்’.

“அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லீங்க. நெறைய பேர் எழுதிக் குடுக்குறாங்க. எங்க ஸ்கூல்லயே ரெண்டு பேர். அடுத்த வருஷம் வேணும்னா பாத்துக்கலாம்.” நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது என்னுடைய வேலை என்றாலும் இது வேறு மாதிரிப் பேசாமல் இருப்பது என்று அவளுக்குத் தெரிந்தது. “சும்மா பாக்காதீங்க அப்படி. எந்த ஊர்ல போடுவாங்கன்னே தெரியாது. ஒரு கிராமத்துல போட்டா, உங்களுக்குத் திடீர்னு ஒண்ணுன்னா எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுறது? உங்கள விட்டுட்டு நான் போகவும் மாட்டேன். கூட்டிட்டுப் போறது நடக்கிற காரியமா? சொல்லுங்க, நடக்கிற காரியமா?” கேட்டுவிட்டு அவளே கேள்வியை விட்டுவிட்டு எழுந்து போயிருப்பாள், எப்போதும் அப்படித்தான். இன்று எழுந்திருக்கவில்லை. நான் ‘உரி’யை அழித்துவிட்டு ‘ப’வுக்குப் போனேன். ‘உ’. ‘ங’, புள்ளி, எதற்கும் உதவாது என்று நினைத்தேனே. ‘க’. ‘ம’ விழுவதற்குள் அவள் வாய் கோணியது. ‘ர’. ‘ம’. புள்ளி. புங்கமரம். “ஐயோ” என்றாள், “அத ஞாபகம் வச்சிருக்கீங்களா” என்றாள், சிரிப்பதற்காகத்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே அது வேறாகிவிட்டது, முந்தானையை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அந்தத் தோளில் வைக்க எனக்கு ஒரு கை இருந்தால் என்று நினைக்கவில்லை, அந்த நினைப்பை எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன், மூக்கை அசைக்காமல் அவள் முடியில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மவுசை இழுத்தாள். வாய் இருக்கிறவள், பேசலாம், பேசவில்லை. என்னுடைய வரிக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அமுக்கினாள், அவளுக்கும் எனக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. பயமா இருக்கு, என்று எழுதியிருந்தாள். மவுசை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பதிலுக்கு நான் தைரியமாக ஏதாவது எழுதியிருக்கலாம். கதவிடுக்கில் வாயை வைத்துச் சொல்வேனே, அந்த மாதிரி. பட்டையில் ‘கவலைப்படாதே’ தயாராகத்தான் இருந்தது, ஒரு நொடி நின்றால் விழுந்துவிடும். தாண்டிப் போனேன். எனக்கும், என்று எழுதினேன். ஆறு சாவி, இரண்டு புள்ளி, ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்தது, அவள் கடைசிப் புள்ளி விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் நெற்றியில் கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல, அப்படியே வைத்துக்கொண்டாள், கை சில்லென்று இருந்தது.

எழுந்து போய் முகம் கழுவினாள். முன்னறையில் அவள் குரல் கேட்டது, போனில். “சார், அமலி பேசறேன். மத்தியானம் லீவு வேணாம் சார். ஆமா சார், கொஞ்சம் லேட்டாகும், வந்துடறேன், ஆறாவது பீரியட் எனக்குத்தான்.” போனை வைக்கும் சத்தம். அப்புறம், “அண்ணே, எங்கள வேற ஊருக்கு மாத்தினா நீங்க வருவீங்களா? எந்த ஊருன்னு இப்பத் தெரியாது.” பேப்பர் மடிக்கும் சத்தம். “எனக்கு எந்த ஊரா இருந்தா என்ன தாயி. வீட்டுல போய் ஒரு வார்த்தை சொல்லணும். அவளுக்கும் மாத்தம் வேணும்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா. பேப்பர் வருமா அங்க?” “வரும்ணே.” “அப்பச் சரி.”

தட்டோடு வந்தாள். பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள், நாலாகத்தான் மடித்திருந்தது. கிழிப்பாள் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை, கணக்கு டீச்சர் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் கிழிக்கமாட்டாள். திருப்பி முழங்கால் மேல் வைத்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். “கீழ் வீடு. கட்டாயம் கீழ் வீடு. கட்டில் நுழையிற அளவுக்குக் கதவு. பக்கத்துல ஆஸ்பத்திரி, இருபது கிலோமீட்டருக்குள்ள. கலந்தாய்வுல லிஸ்ட்டைப் பாத்து அப்படி ஊரா எடுக்கணும். பெனாசிர்கிட்ட இந்தப் பொட்டியை எப்படிக் கழட்டி மாட்டறதுன்னு கேட்டுக்கணும்.” பேனா நின்றது. ஒரு வாய் சோறு என் உதட்டருகே வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை, மூக்கைத் திரைக்குத் திருப்பினேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தாள், ஸ்கூலுக்கு நேரமாகியும், குழம்பு சொட்டச் சொட்ட. ‘இ’. ‘ன’. புள்ளி. ‘வ’. அவள் உதடு அசைந்தது, சொல்லவில்லை. கடைசி எழுத்து வரை வந்துவிட்டேன். இன்வர்ட்டர்.

“அடக் கடவுளே, ஆமா” என்று சொல்லித் தாளில் எழுதிக்கொண்டாள்.